மாதா கோயில் விறாந்தையில் இருந்தவர்கள்

இல்லை சுதா, மூன்றாம் மாடிக்காரி வீட்டை விற்கவில்லை. விற்கப்போகிறேன் என்று நாலு பேருக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்லும் விலையைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறாள், அவ்வளவுதான். சிலருக்கு அது ஒரு பொழுதுபோக்கு. அந்தத் தொழிலில் இருந்தவள் நான், எனக்குத் தெரியாதா. கதவை முழுதாகச் சாத்தாதேயும், கொஞ்சம் நீக்கலாக இருக்கட்டும். எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் லிப்டில் ஏறி வந்ததைக் கண்டேன், இறங்கிப் போவதையும் காணவேண்டும். அதுவரைக்கும் நான் உம்முடைய வீட்டில்தான்.

அக்ரிமெண்டைப் புதுப்பிக்க வந்திருக்கிறார். வீட்டில் நாலு பேர் என்று மகன் எழுதிக் கொடுத்திருக்கிறான். அவன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர். நான் ஐந்தாவது ஆள். சிரியாதேயும் பிள்ளை. இந்த வெள்ளவத்தையில் எத்தனை ஐந்தாவது ஆட்கள் இப்போது பக்கத்து வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார்களோ, ஆர் கண்டது. அடுப்பில் தேங்காய்ப்பால் சொதியைச் சின்ன நெருப்பில் வைத்துவிட்டு வந்தேன். மகனைப் பார்க்கச் சொன்னேன். தலையாட்டினான். அவன் தலையாட்டுவது எனக்குத் தெரியும்.

நான் எப்படி வீட்டுத் தரகுக்கு வந்தேன் என்று அன்றைக்குக் கேட்டீர். அது பெரிய கதை இல்லை. கைக்குழந்தையோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். எனக்கு ஒரு அறை தேடி அலைந்து அலைந்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எந்த ஒழுங்கையில் எந்தக் கதவு என்று பழக்கமாகிவிட்டது. பிறகு வந்த சொந்தக்காரருக்கு வீட்டோடு ஒட்டிய ஒரு அனெக்ஸ் காட்டினேன். அவர்களுடைய சொந்தக்காரருக்கு ஒரு மேல்மாடி. ஒருநாள் ஒரு வீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்துக் காசை வைத்தா. அன்றைக்குத்தான் நான் செய்துகொண்டிருந்தது ஒரு தொழில் என்று எனக்கே தெரிய வந்தது.

எனக்கு எழுத்து வாசிப்பு இல்லை. வீட்டைப் பார்க்க அது எதற்கு. உள்ளே போனதும் முதலில் குழாயைத் திறப்பேன். தண்ணீர் மூச்சு விட்டு விட்டு வந்தால் கூரைமேல் தண்ணீர்த் தாங்கி நிரம்புவதில்லை. பிறகு அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டுச் சுவரைத் தொடுவேன், ஈரம் இருக்கிறதோ என்று. கடற்கரைப் பக்கம் என்றால் ஜன்னல் கம்பியைச் சுரண்டுவேன், உப்புக்காற்றில் பிடித்த கறள் எவ்வளவு ஆழம் என்று. இதெல்லாம் வீட்டுக்கு. ஆட்களுக்கு வேறு பாடம். வீடு தேடுகிறவர்களை வாசலில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் மணியை அடிப்பேன்.

"எத்தனை பேர் எண்டு கேட்டால் குறைச்சுச் சொல்லுங்கோ. வாடகை கேட்டால் பாதியிலை தொடங்குங்கோ. சாமான் கனக்க இல்லை எண்டுங்கோ. வயசுபோன ஆக்கள் இருந்தால் கோயிலுக்கு அனுப்பிப்போட்டு வாங்கோ."

வயதுபோனவர்கள் என்றால் வீட்டுக்காரருக்குப் பயம். தண்ணீர் கனக்கப் போகும், படியில் விழுவார்கள், பிறகு செத்த வீடு என்று அடுத்தவர் வரமாட்டார். வீட்டுக்காரருக்கும் நான் சொல்லிக்கொடுப்பேன், கூட்டிக் கேளுங்கோ என்று. இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளி நின்றால்தானே நடுவில் ஓர் இடத்தில் சந்திக்கலாம். சந்திக்கிற இடத்தில் எனக்கும் ஒரு கதிரை.

இப்படியே காலம் போனது. முழங்கால் கரைச்சல் கொடுக்கத் தொடங்கிய காலத்தில்தான் பரீனா மிஸ் வந்தா. தெமட்டகொடைப் பிள்ளை, வீடமைப்புச் சங்கம் ஒன்றில் வேலை. கொட்டாஞ்சேனையில் பழைய பண்டகசாலை இருந்த காணி ஒன்று அந்தச் சங்கத்தின் கைக்கு வந்திருந்தது. அந்த ஒழுங்கையில் மாடி கட்டும் கம்பனிக்காரர் வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி இடித்துக்கொண்டிருந்தார்கள், உமக்குத் தெரியும்தானே அந்தக் காலம். வாடகைக்கு இருந்த சனம் எங்கே போகும். அவர்களுக்காகச் சங்கம் ஒரு மாடிக் கட்டடம் கட்டப்போகிறது. எப்படிப்பட்ட வீடு வேண்டும், எத்தனை அறை வேண்டும், எவ்வளவு வாடகை தாங்குவார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, கணினியில் போட்டு, அதன்படி கட்டடத்தை வரைவார்களாம். கட்டிவிட்டு ஆள் தேடுவதுதான் நான் அறிந்தது. ஆளைக் கேட்டுவிட்டுக் கட்டுவதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

"ஆன்டி, ஒரு கதவும் தொறக்கிறாங்க இல்ல. நாய் மட்டும் வந்து பாத்துட்டுப் போகுது. நீங்க கூட வந்தா தொறப்பாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க," என்றா பரீனா மிஸ்.

முதலில் அந்தச் சங்கத்தின் பெரிய சேரைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனா. அவர் சிங்கள ஆள். மட்டக்களப்பில் வேலை செய்த காலத்தில் தமிழ் படித்தவராம். யாரிடம் படித்தாரோ, வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரிக் கதைப்பார். நான் உள்ளே போனதும் எழுந்து நின்று, தானே கதிரையை இழுத்துப் போட்டார்.

"அம்மா, தயவுசெய்து அமருங்கள். தாங்கள் தேநீர் அருந்துவீர்களா?"

எனக்குப் பின்னால் வேறு யாரும் வந்திருக்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன்.

அவருடைய பழக்கம் ஒன்று. ஏன் என்று ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டுப் பேசமாட்டார். மேசையில் ஒரு சின்னக் கத்தி இருக்கும், அதை எடுத்துப் பென்சிலைச் சீவத் தொடங்குவார். சீவல் சுருள் சுருளாக விழும். அவசரமே இல்லை. அந்தச் சுருளைப் பார்த்துக்கொண்டு இருக்கமுடியாமல் நாங்களே ஏதாவது சொல்லிவிடுவோம். சொன்னதும் "ஹரி, ஹரி" என்று, சிங்களத்தில் சரி சரி என்று, தலையாட்டுவார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. எனக்கு அவரைக் கண்டால் வியர்க்கும்.

அன்றைக்கு ஒரு வட்டம் கீறிக் காட்டினார். "இது ஒரு குடும்பத்தின் வருமானம். தோசை என்று எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டு வாடகைக்கு இதில் எவ்வளவு பிய்க்கலாம்? எவ்வளவு பிய்த்தால் மிகுதியில் அனைவரும் பசியாறுவார்கள்? வீட்டின் விலையை அறிவது எளிது அம்மா. இதை அறிவதே கடினம்."

"அது ஊரிலையிருந்து மாமி வந்திருக்கிறாவோ எண்டதைப் பொறுத்தது சேர்," என்றேன். சும்மா சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு நானும் மிஸ்ஸும் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தோம். முதல் குழப்பம் முதல் நாளே. அவர்கள் எல்லா வீட்டுக்கும் போகமாட்டார்கள். ஒன்றுக்குப் போனால் பக்கத்தில் இரண்டை விட்டுவிட்டு அடுத்த கதவு. கையில் இருக்கும் டெப், அந்தச் சின்னக் கணினி, அப்படித்தான் சொல்கிறதாம். கதவைத் திறந்துவைத்து, தலையும் வாரி இழுத்து, தேத்தண்ணிக்குத் தண்ணீரும் வைத்துக் காத்திருந்த ஒரு அக்காவைத் தாண்டிப் போனோம். அவ பின்னாலேயே வந்துவிட்டா.

"என்ன பூரணம், என்ரை வீடு வீடில்லையோ?"

"நானில்லை அக்கா. மிஷின்தான் சொல்லுது."

"மிஷினுக்கும் நீதான் தரகோ?"

மிஸ் அவவுக்கு விளக்கம் சொன்னா, இப்படி இடைவிட்டுக் கேட்டாலே தெருவின் நிலைமை முழுதும் தெரிந்துவிடும் என்று. அந்த அக்கா கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, "அப்ப என்னைக் கேளாமலே என்னைத் தெரிஞ்சிடும். நல்ல விஷயம்," என்று கதவைச் சாத்தினா. இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை. எனக்கும் அந்த மிஷின் கணக்கு இன்றைக்கும் விளங்குவதில்லை.

ஆனால் போன வீடுகளில் கதவு திறந்தது. கதிரை வந்தது. மிஸ் டெப்பைப் பார்த்துக் கேட்பா, அவர்கள் என்னைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். எத்தனை பேர்? ரெண்டு பேர். எத்தனை அறை வேண்டும்? ஒண்டு காணும், போதும். எவ்வளவு கொடுப்பீர்கள்? பாதியில் தொடங்குவார்கள். வாடகைக்கு விடுகிற வீட்டுக்காரரைக் கேட்டால் வானத்தில் தொடங்குவார்கள். மிஸ் எல்லாவற்றையும் தட்டித் தட்டிப் போட்டா. எனக்குச் சொல்லமுடியாத சந்தோஷம். எத்தனையோ வருடத்துக்கு முன்னம் வாசலில் நின்று சொல்லிக்கொடுத்தது, ஒரு ஆள்கூட மறக்கவில்லை.

பிலோமினா வீட்டுக்கும் போனோம். அவளை அந்த வீட்டில் குடிவைத்ததே நான்தான். தையல்காரி. புருஷன் இல்லை. பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி, கால் வீங்கிய தாய் ரோசம்மா, இரண்டு தையல் மிஷின். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைதான் அவர்களுடைய சோறு. அந்த வீட்டையும் விற்றாயிற்று, மாதா கோயில் பெருநாள் முடிய வீட்டை விடவேண்டும். புதுக் கட்டடத்தில் இடம் கிடைத்தால்தான் கொட்டாஞ்சேனையில் இருக்கலாம். தைக்கக் கொடுக்கிற சனம் எல்லாம் அந்த ஒழுங்கையில்தானே. தூரப் போனால் யார் சட்டைத் துணியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள்.

நாங்கள் போனபோது மிஷின் இரண்டும் படுக்கை விரிப்பால் மூடி, மேலே மாதாவும் பூச்சாடியும் இருந்தன. ரோசம்மாவைக் காணவில்லை.

"வீட்ல எத்தனை பேர் அக்கா?" என்றா மிஸ்.

"நானும் மகளும்தான்." என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"எத்தனை அறை வேணும்?"

"ஒண்டு காணும் மிஸ்."

"தொழில்?"

"சும்மா, ஊசி நூல் வேலை."

நான் அவளைப் பார்த்துக் கண்ணால் சிரித்தேன். கெட்டிக்காரி.

கொஞ்ச நாளில் பெரிய சேர் கூப்பிட்டார். சுவரில் ஒரு பெரிய தாள். நிறம் நிறமாகக் கட்டை கட்டையாகக் கீறியிருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனாலும் ஒரு கட்டை மட்டும் தென்னைமரம் மாதிரி எழும்பி நின்றதைக் கண்டேன். அதுதான் இரண்டு பேர் உள்ள வீடுகளாம். பக்கத்தில் கட்டடத்தின் வரைபடம். கீழிருந்து உச்சி மட்டும் ஒற்றை அறைகள், புறாக்கூடு மாதிரி. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். சேர் கத்தியை எடுத்தார்.

"அம்மா, இத்தரவுகளின்படி இந்த ஒழுங்கையில் எவருக்கும் பெற்றோர் இல்லை."

நான் அந்தத் தென்னைமரத்தைப் பார்த்தேன்.

"மேலும், வீட்டு உரிமையாளர் கேட்கும் வாடகையைக் கொடுக்கக்கூடியவர் ஒருவரும் இல்லை. ஆயினும் ஒரு வீடும் வெறுமையாக இல்லை. ஏன்?"

பென்சில் சுருள் விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

"எனக்கும் விளங்கேல்லை சேர்," என்றேன். உண்மையாகவே விளங்கவில்லை, சுதா. வீடு பற்றிக் கேட்டால் சொல்ல வேண்டியதை அவர்கள் சொன்னார்கள். அதில் பிழை எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்த வாரமே பிலோமினா பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்துவிட்டாள். ஒற்றை அறைதான் கட்டப்போகிறார்கள், அவளைப் போல இரண்டு பேர் குடும்பத்துக்கு மேல்மாடியில் என்று எப்படியோ கேள்விப்பட்டிருந்தாள். செருப்பைக் கழற்றவும் இல்லை.

"பூரணமக்கா, ஒரு அறையிலை ரெண்டு மிஷினை எங்கை வைக்கிறது? அம்மா மாடி ஏறுவாவோ? தையலை விட்டால் நான் என்னத்தைக் குடுத்து வாடகை கட்டுறது?"

"நீதானே ஒண்டு காணும் எண்டனீ."

"நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள்."

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவள் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள். நான் பக்கத்தில் நின்றதற்கும் அவளுக்கு அறை குறைந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று இரவெல்லாம் யோசித்தேன்.

பிறகு சேர் தானே வந்து பார்க்கப்போகிறேன் என்றார். மிஸ்ஸும் நானும் கூட. பஸ் நிற்பாட்டுமிடத்திலிருந்து ஒழுங்கைக்கு மாதா கோயில் வளவால் குறுக்கே போகலாம். பூசை இல்லாத காலைநேரம். கோயில் விறாந்தை முழுக்கக் கிழவர் கிழவிகள். ஒருவர் மடியில் தலையணை, ஒருவர் கையில் சுடுதண்ணீர்ப் போத்தல், ஒரு ஆள் சின்ன ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு. நான் ரோசம்மாவுக்குக் கையைக் காட்டிவிட்டு நடந்தேன். திரும்பிப் பார்த்தால் சேர் பின்னால் இல்லை. விறாந்தைக்கு முன்னால் நிற்கிறார்.

"ஐயா, இன்று ஏதேனும் திருவிழாவா?" என்று ரேடியோக்காரரைக் கேட்டார்.

"இல்லை மாத்தயா. வீட்டுக்கு ஆக்கள் வருகினம். அவையள் போகுமட்டும் இஞ்சை இருக்கிறம்."

"யார் வருகிறார்கள்?"

"ஆரோ பெரிய சேர் ஒராளாம்."

சேர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார், அது ஏற்கனவே சீவியிருந்தது. திரும்ப வைத்தார்.

"அம்மா, இவர்கள் அனைவரும் எங்கே உறங்குகிறார்கள்?"

"வீட்டிலைதான் சேர்."

"எந்த வீட்டில்?"

"அந்த... உங்கட ரெண்டு பேர் வீடுகளிலை."

அப்போது பரீனா மிஸ் டெப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினா. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். சேர் சிரிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு விறாந்தையில் ஏறி, ரோசம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்தார். "அம்மா, தாங்கள் யாருடன் வசிக்கிறீர்கள்?"

"நான் ஒருத்தரோடையும் இல்லை. நான் மாதாவோடை இருக்கிறன்."

"தங்களுக்குப் பிள்ளைகள்?"

"எனக்கு மகள் இல்லை," என்றா ரோசம்மா. சொல்லிவிட்டுச் செபமாலையை இறுக்கிப் பிடித்தா. பிறகு என் பக்கம் திரும்பினா. "பூரணம், நீதானே சொன்னனீ, ஆர் கேட்டாலும் நான் இல்லை எண்டு. இப்ப நான் இருக்கிறனோ, இல்லையோ? ஒண்டைச் சொல்லு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்நாள் முழுதும் வாய்தான் என் முதலீடு, அந்த நேரம் மனதுக்குள் கணக்குப் போட்டேன். இவவைக் கணக்கில் சேர்த்தால் பெரிய வீடு, பெரிய வாடகை என்று பிலோமினாவைத் தள்ளிவிடுவார்களோ. சேர்க்காவிட்டால் ஒற்றை அறை, மிஷினுக்கு இடமில்லை. எந்தப் பக்கம் தள்ளினால் கதவு திறக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. சேரையே கேட்டேன்.

"இவவைச் சேர்த்தால் அந்தப் பிள்ளைக்கு வீடு கிடைக்குமோ சேர், கிடையாதோ?"

"அதை இப்போது என்னால் கூற இயலாது, அம்மா. சேர்க்காவிட்டால், இவருக்கு இடமில்லாத வீடு ஒன்றையே நாங்கள் கட்டுவோம். அது மட்டும் நிச்சயம்."

ரோசம்மாவின் காலைப் பார்த்தேன். செருப்பு வார் வீக்கத்துக்குள் புதைந்திருந்தது. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு ஆள் வர இந்தக் காலோடுதான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறா.

"இருக்கிறியள் அம்மா," என்றேன். "இண்டையிலையிருந்து இருக்கிறியள்."

"அப்ப எழுது பிள்ளை," என்று மிஸ்ஸிடம் திரும்பினா. "பேர் ரோசம்மா. மகள் பிலோமினா. கால் ஏலாது, மாடி ஏறேலாது. வீட்டிலை ரெண்டு மிஷின் இருக்கு, பூச்சாடிக்குக் கீழை. அதையும் எழுது."

அதற்குப் பிறகு மிஸ்ஸை ஒருத்தரும் எழும்பவிடவில்லை. தலையணைக்காரர் தான் குசினியில் படுக்கிறாராம், அதை எழுதட்டாம். ரேடியோக்காரருக்கு இரண்டு மகன், எந்த வீட்டில் தன்னைப் போடுவது என்று மிஸ்ஸே முடிவு செய்யட்டாம்.

பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார்கள். எனக்குப் புது வேலை. கதவைத் தட்ட வேண்டும், பரீனா மிஸ்ஸை உள்ளே விட வேண்டும், நான் போய்க் கோயில் விறாந்தையில் இருக்க வேண்டும். பெரிய சேர் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். "தாங்கள் அருகில் இல்லாதிருப்பதே பேருதவி." எவ்வளவு தருவீர்கள் என்று இந்த முறை ஒருவரையும் கேட்கவில்லையாம். இப்போது வாடகை எவ்வளவு, கரண்ட் எவ்வளவு, பள்ளிக்கூட வேனுக்கு, மருந்துக்கு எவ்வளவு என்று கேட்டு, தோசையில் மிச்சம் எவ்வளவு என்று தாங்களே பார்த்தார்களாம். பிறகு சேர் புதுத் தாளைக் காட்டினார். அந்தத் தென்னைமரம் சிறுத்துவிட்டது. மற்றக் கட்டைகள் படிக்கட்டு மாதிரி எழும்பியிருந்தன.

கட்டடத்தைத் திரும்ப வரைந்தார்கள். பிலோமினாவுக்குப் படி ஏறத் தேவையில்லாத நிலத்து மாடியில் வீடு கிடைத்தது, முன்னுக்கு மிஷின் வைக்க இடத்தோடு. வாடகை அவள் சொன்னதைவிடக் கூட, அவள் பயந்ததைவிடக் குறைவு. ரோசம்மா இப்போது ஜன்னலடியில் இருந்து சட்டை தைக்க வருகிறவர்களைக் குறை சொல்கிறா. ஒன்று மட்டும் மாறவில்லை. யாராவது கதவைத் தட்டினால் எழும்பித் திரைக்குப் பின்னால் போய் நிற்பாவாம். பிலோமினா சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

நான் அதோடு தொழிலை விட்டேன். முழங்கால் என்று எல்லாருக்கும் சொன்னேன். உண்மை என்னவென்றால், அடுத்ததாக ஒரு குடும்பத்தை வீடு பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் வைத்து அந்தப் பிள்ளை கேட்டாள், "ஆன்டி, எத்தனை பேர் எண்டு சொல்ல?" மணியை அடிக்காமல் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு அவளே அடித்தாள்.

என்ன சுதா, அப்படிப் பார்க்கிறீர்? அப்படியென்றால் நான் ஏன் இங்கே ஒளித்திருக்கிறேன் என்றுதானே? மகன் எழுதிக் கொடுத்துவிட்டான். அவனுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று நினைக்கிறீர். இந்த வீடு போனால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம்... அதுதான் எனக்கும் விளங்கவில்லை. வந்த நேரம் தொடக்கம் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பொறும். மணக்கிறதோ உமக்கு? அடிப்பிடிக்கிறது. எனக்குத் தெரியும், அவன் தலையாட்டினால் துழாவமாட்டான் என்று. இன்னும் கட்டிப்பால் விடவில்லை, தேசிக்காய் பிழியவில்லை. வீட்டுக்காரர் முன்னுக்குத்தான் இருப்பார், குசினிக்கு அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். இருக்கட்டும். ஆரென்று கேட்டால் ஐந்தாவது ஆள் என்கிறேன், சொதியும் ஒரு கோப்பை வார்க்கிறேன். கதவை நன்றாகத் திறவும் பிள்ளை, நான் போகவேண்டும்.